அமைதியான காட்டு முகாம்: டென்டா, கேபினா, வண்டியிலேயே படுக்கையா?

கோடையில் இரண்டு மூன்று இரவு காட்டில் தங்கலாம் என்று முடிவாகிவிடுகிறது. முன்பதிவு செய்ய உட்கார்ந்ததும்தான் குழப்பம். வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்திலேயே டென்ட் போடலாம். சாமானைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் உள்ளே நடந்துபோய்ப் போடலாம். கேபின் எடுக்கலாம். எதுவும் வேண்டாம் என்று வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம். எது நல்லது என்று கேட்கிறவர்கள் கூடவே ஒன்றைச் சொல்கிறார்கள்: வசதி முன்னே பின்னே இருக்கட்டும், அமைதியாக இருக்க வேண்டும்.

அப்படியானால் பாதிப் பதில் கிடைத்தாயிற்று. முகாமில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் காடு அல்ல, பக்கத்து இடத்துக்காரர். நள்ளிரவில் வந்து சேரும் கார், டென்ட் துணியில் அடிக்கும் அதன் ஹெட்லைட், நான்கு கதவும் மாறி மாறி அடைபடும் சத்தம், ஜெனரேட்டர். ஆகவே தலைக்கு மேல் துணியா பலகையா தகரமா என்று யோசிப்பதற்கு முன்னால், இன்ஜினிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிப் படுக்கப்போகிறோம் என்று பாருங்கள். கட்டுரை முழுக்க நான் அந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன். அந்தச் சாய்வு செல்லாத சூழ்நிலைகளும் உண்டு, அவையும் வரும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் சத்தம். இதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே இடத்திலிருந்து கிளம்பும் சத்தம், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் சுமார் 6 டெசிபல் குறையும். 7 மீட்டரில் 60 டெசிபல் கேட்கிற சின்ன ஜெனரேட்டர் 14 மீட்டரில் 54, 28 மீட்டரில் 48, 56 மீட்டரில் 42, 112 மீட்டரில் 36 என்று இறங்கும். இரவில் வீட்டுக்கு வெளியே சராசரிச் சத்தம் 40 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2009-ல் சொன்னது. அந்த 40, சுவருக்கு வெளியே அளப்பது. டென்ட் துணி சத்தத்தைத் தடுக்காது என்பதால் நீங்கள் படுத்திருப்பதும் ஏறத்தாழ வெளியேதான். ஆக, நூறு மீட்டர் நடந்தாலே கோட்டின் நல்ல பக்கத்துக்கு வந்துவிடுகிறோம். இடையில் புதரும் மேடும் இருந்தால் இன்னும் குறையும்.

ஒரு எச்சரிக்கை. காற்றில்லாத, வானம் தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கிவிடும். மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று சத்தத்தைக் கீழ்நோக்கி வளைத்து அனுப்பும். பகலில் கேட்காத பேச்சு, இரவில் ஏரியின் எதிர்க்கரையிலிருந்து துல்லியமாக வந்து விழுவது இதனால்தான். நீர்நிலையை ஒட்டிய இடம் படத்தில் அழகு. ஆனால் எதிர்க்கரையிலும் முகாம் இருக்கிறதா என்று வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓடுகிற ஓடையின் கதை வேறு: அதன் சீரான இரைச்சல் மற்ற சத்தங்களை மூடிவிடும். காட்டின் சொந்தச் சத்தமும் குறைவில்லை. சில வகைச் சிள்வண்டுகள் அருகில் இருந்தால் 100 டெசிபலை எட்டும். பறவைகள் சூரியன் வருவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். இதையும் தொந்தரவாக நினைப்பவர் காதடைப்பான் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அடுத்தது வெப்பம். உயரம் 1000 மீட்டர் கூடினால் காற்று சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குளிரும். அடிவாரத்தில் 30 டிகிரி என்றால் 1500 மீட்டர் உயரத்தில் 20-ஐ ஒட்டி இருக்கும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். கோடைக்கு இடம் தேடுகிறவர் ஏ.சி. உள்ள கேபினைத் தேடுவதைவிட உயரமான முகாமைத் தேடுவது மேல். இரவில் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும் என்பதால் பள்ளத்தாக்கின் அடி ஈரமாகவும், எதிர்பார்த்ததைவிடக் குளிராகவும் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக: பூச்சி, இடிமழை, தண்ணீரும் கழிப்பறையும், சொல்லாமல் வரும் செலவு, கூட வருகிறவர்களின் வயதும் உடல்நிலையும்.

## வண்டிக்குப் பக்கத்தில் டென்ட்

முதல்முறை போகிறவர்கள் அதிகம் எடுப்பது இதைத்தான். நியாயமும் இருக்கிறது. ஒன்றை மறந்துவிட்டால் பத்தடியில் வண்டி. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் கிட்டத்தில். இடி மின்னல் வந்தால் ஓடிப்போய் உட்கார உலோகக் கூரை உள்ள கார் இருக்கிறது. இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கூடாரம் மின்னலிலிருந்து எந்தப் பாதுகாப்பும் தராது. ஜன்னல் மூடிய கார் தரும். காரணம் ரப்பர் டயர் அல்ல, மின்சாரத்தை உங்களைச் சுற்றிக்கொண்டு தரைக்கு இறக்கிவிடும் உலோக உடல். மின்னலைப் பார்த்து 30 வினாடிக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் விழுகிறது என்று பொருள். உடனே உள்ளே போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வராதீர்கள்.

குறை, முன்பே சொன்ன சத்தம். பல முகாம்களில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம் என்று விதி இருக்கும். விதி இருந்தாலும் கார்க்கதவு கதவுதான். இந்த வகையை எடுத்தே ஆக வேண்டுமென்றால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் பாதியைச் சரிசெய்யலாம்: சுற்றுப்பாதையின் கடைசி வளைவு, கழிப்பறையிலிருந்து மூன்று நான்கு இடம் தள்ளி (இரவு முழுக்க அங்கே டார்ச் வெளிச்சமும் கதவுச் சத்தமும் இருக்கும்), ஜெனரேட்டருக்குத் தடை உள்ள பகுதி. சில முகாம்கள் அப்படி ஒரு பகுதியைத் தனியாகவே பிரித்து வைத்திருக்கின்றன. இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

செலவு, வாடகையில் இல்லை, சாமானில் இருக்கிறது. மூன்று பேர் டென்ட் என்று விற்பதில் இரண்டு பேரும் இரண்டு பையும் நிம்மதியாகப் படுக்கலாம். மூன்று பேர் என்றால் திரும்பிப் படுக்க மற்றவரிடம் அனுமதி கேட்க வேண்டும். கோடைக்கு வாங்குவதாக இருந்தால் உள்ளே முழுக்க வலை, மேலே தனி மழைத்துணி என்று இரண்டு அடுக்கு உள்ளதைப் பாருங்கள். ஒற்றை அடுக்கில் மூச்சின் ஈரம் துணியின் உட்புறம் நீராகப் படிந்து விடியற்காலையில் சொட்டும். ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலையையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஐஎஸ்ஓ 23537 தரப்படி அதில் சுகமான அளவு, தாங்கும் எல்லை, உயிருக்கு ஆபத்தான எல்லை என்று தனித்தனியாக உண்டு. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது பல சமயம் இரண்டாவது. காற்றடைத்த தடித்த மெத்தையில் இன்னொரு பொறி: உள்ளே வெப்பத்தடுப்பு இல்லாவிட்டால் உள்காற்று சுழன்று முதுகின் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். மலை முகாமில் கோடையிலும் விடியற்காலை நடுங்குகிறவர்களுக்கு மேலே போர்த்துவது போதவில்லை என்று தோன்றும். குளிர் வருவது கீழிருந்து. பாய் எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஆர் மதிப்பு (R-value) என்று பெயர்; அது 2-ஐ ஒட்டிய பாய் இருந்தால் கோடைக்குப் போதும்.

டென்ட்டுக்குக் காலை நிழல் முக்கியம். கிழக்கே மரம் இல்லாத இடத்தில் போட்டால் ஆறு ஆறரைக்கே உள்ளே அடுப்படிதான். போடுவதற்கு முன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை தலைக்கு நேராகத் தொங்கினால் எவ்வளவு நல்ல இடமானாலும் விட்டுவிட வேண்டும்.

## நடந்துபோய்ப் போடும் டென்ட்

பார்க்கிங்கிலிருந்து இருநூறு மீட்டரோ ஒரு கிலோமீட்டரோ நடக்க வேண்டிய இடங்கள். பல முகாம்களில் கடைசிவரை காலியாக இருப்பவையும் இவைதான், வாடகையும் பெரும்பாலும் குறைவு. காரணம் தெளிவு: சாமான் தூக்க யாருக்கும் பிடிப்பதில்லை. பெட்டி பெட்டியாகக் குளிர்பானமும் மேஜை நாற்காலியும் ஸ்பீக்கரும் கொண்டுவருகிறவர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள். இருநூறு மீட்டர் நடை, வாடகைக்கு எடுக்க முடியாத ஒரு காவல்காரன்.

அதற்கு விலை, உடலுழைப்பும் திட்டமும். சாமானை ஒரே நடையில் தூக்க முடிகிற அளவுக்குக் குறைப்பதுதான் உண்மையான தேர்வு. தண்ணீர் இதில் முதல் எதிரி. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் என்று வைத்தால் இரண்டு பேருக்கு இரண்டு நாளைக்கு 16 கிலோ. ஆகவே பக்கத்தில் ஓடை இருந்து, அந்த நீரைச் சுத்தப்படுத்தத் தெரிந்திருந்தால்தான் இந்த வகை இனிக்கும். கொதிக்க வைப்பது நிச்சயமான வழி: நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம், 2000 மீட்டர் உயரத்துக்கு மேல் மூன்று நிமிடம். கையடக்க வடிகட்டிகளில் பல, பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் நிறுத்தும், வைரஸை நிறுத்தாது. குளோரின் மாத்திரையோ கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியிடம் தோற்றுவிடும். எல்லா நுண்ணுயிருக்கும் ஒரே வழி வேண்டுமென்றால் அடுப்பை நம்புங்கள்.

டென்டை ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். நீரும் கெடாது, கொசுவும் குறையும், மேலே எங்கோ பெய்த மழை இரவில் இறங்கி வந்தாலும் நீங்கள் தப்பிப்பீர்கள். வறண்டு கிடக்கும் ஓடைப்படுகை சமமாக, மணலாக, படுக்க அருமையாக இருக்கும். அதில் மட்டும் போடவே கூடாது.

பூச்சிக்கு இங்கே தனிக் கவனம் வேண்டும், நடைபாதையின் இருபுறமும் உயர்ந்த புல் என்றால் உண்ணி ஏறும். தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி, துணிக்கு பெர்மெத்ரின். டீட் சில பிளாஸ்டிக்கையும் செயற்கை இழைகளையும் அரித்துவிடும் என்பதால் அது படிந்த கையால் டென்டையோ மூக்குக்கண்ணாடியையோ தொடாதீர்கள். பெர்மெத்ரின் பூனைக்கும் மீனுக்கும் நஞ்சு. வீட்டிலேயே தெளித்து, காயவைத்துக் கொண்டுவாருங்கள். உண்ணி கடித்துவிட்டால் மெல்லிய நுனி உள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீ வைப்பது, எண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். உண்ணிக்கடியால் பரவும் லைம் நோயின் கிருமி உடலுக்குள் போக, உண்ணி பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும். எனவே படுக்கும் முன் ஒருமுறை முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்பக்கம் என்று தேடிப் பார்ப்பது வெறும் சம்பிரதாயமல்ல.

இந்த வகையின் பெரிய பலவீனம் இடிமழை. கார் தூரத்தில். மாலைதோறும் இடி என்று வானிலை சொல்லும் வாரத்தில் என் சாய்வை மூட்டை கட்டிவிட்டு மேலே சொன்ன முதல் வகைக்கே போவேன்.

(சிலர் டென்டுக்குப் பதிலாகத் தொங்குமஞ்சம் கட்டுவார்கள். சமதளமே தேவையில்லை, எடை குறைவு. ஆனால் நான்கைந்து மீட்டர் இடைவெளியில் பருத்த, உயிருள்ள மரம் இரண்டு வேண்டும். முதுகுக்குக் கீழ் தனிப் போர்வையும் வேண்டும். குழந்தையுடன் போகிறவர்களுக்கு ஒத்துவராது.)

## கேபின்

வயதானவர்கள், கைக்குழந்தை, முதுகுவலிக்காரர் இதில் யாராவது ஒருவர் கூட வந்தாலும் நான் கேபினைத்தான் சொல்வேன். கட்டில் உயரமாக இருக்கும், மழைக்குக் கவலையில்லை, இரவில் கழிப்பறைக்குப் போகச் செருப்பைத் தேட வேண்டாம். அதுவும் கழிப்பறை உள்ளேயே இருந்தால்தான். சாதாரண வகைக் கேபின் பலவற்றில் நான்கு சுவரும் கட்டிலும் மட்டுமே.

அமைதி என்று பார்த்தால் கேபின் ஏமாற்றக்கூடும். சுவர் சத்தத்தைக் குறைக்கும், உண்மை. கோடையில் ஜன்னலைத் திறந்துதானே படுப்பீர்கள்? திறந்த ஜன்னலில் சுவரின் பலன் பெருமளவு போய்விடும். தவிர, கேபின்களை வரிசையாகக் கட்டி வாசல்வரை சாலை போட்டிருப்பார்கள். பகல் முழுக்க வெயில் வாங்கிய கூரை அந்தச் சூட்டை இரவில் உள்ளே இறக்கும். டென்ட் இருட்டியதும் ஆறிவிடும், கேபின் ஆறாது. மரநிழலில் இருக்கிறதா, எதிரெதிரே இரண்டு ஜன்னல் உண்டா, வலை கிழியாமல் இருக்கிறதா என்ற மூன்றும் தெரியாமல் கோடைக்குக் கேபின் எடுக்க வேண்டாம்.

இடி விஷயத்திலும் ஒரு நுணுக்கம். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் ஓடும் முழுக் கட்டடம் பாதுகாப்பு, மின்னல் அவற்றின் வழியே தரைக்குப் போய்விடும் (அப்போது குழாயைத் தொடக்கூடாது). அவை எதுவும் இல்லாத சின்ன மரக்குடிலை அப்படி நம்ப முடியாது. அருகில் கார் இருந்தால் கார்தான் மேல்.

செலவில்தான் கேபின் வாய் திறக்கும். சுத்தம் செய்யும் கட்டணம், படுக்கை விரிப்பு வாடகை, குறைந்தது இத்தனை இரவு என்ற நிபந்தனை, ரத்து செய்தால் திரும்பாத முன்பணம். இரவு வாடகையை மட்டும் டென்ட் இடத்தோடு ஒப்பிடாதீர்கள். கடைசி மொத்தத்தை இரவுகளால் வகுத்துப் பாருங்கள். மறுபக்கம், டென்ட் சாமான் ஒன்றுமே இல்லாதவர் வருடம் ஒருமுறை மட்டும் போகிறார் என்றால் வாங்குவதைவிடக் கேபின் மலிவாகவும் முடியலாம்.

எலிப் புழுக்கை கிடந்தால் துடைப்பத்தை எடுக்காதீர்கள், பெருக்கினால் எழும் தூசி வழியே ஹான்டா வைரஸ் மூச்சில் போகலாம். 2012-ல் அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் தங்கியவர்களில் 10 பேருக்கு ஹான்டா வைரஸ் தொற்றி 3 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இரட்டைச் சுவர் கொண்ட கூடாரக் கேபின்களில் இருந்தவர்கள்; சுவருக்கிடையே எலிகள் கூடு கட்டியிருந்தன. எல்லாக் காட்டிலும் இந்த ஆபத்து ஒரே அளவில் இல்லை. ஆனாலும் நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் அரைமணி நேரம் காற்றாட விட்டு, புழுக்கையைக் கிருமிநாசினியால் நனைத்துத் துடைத்தெடுப்பது எங்கும் நல்லது.

## வண்டியிலேயே படுக்கை

படுக்கை வசதி செய்த வேனோ, பின்சீட்டை மடித்த காரோ. இரவு பத்து மணிக்கு வந்து சேர்ந்து காலையில் கிளம்புகிறவருக்கு இதைவிட எளிது எதுவுமில்லை. மின்னலுக்குப் பாதுகாப்பு, விலங்குப் பயமும் குறைவு.

கோடையில் இதன் சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரியது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே 10 டிகிரிக்கு மேல் ஏறும். ஜன்னலை ஒரு விரல் இறக்கிவைப்பதால் பெரிதாகக் குறையாது. அதனால் பகலில் குழந்தையோ நாயோ ஒரு நொடியும் உள்ளே இருக்கக்கூடாது. இரவில் ஜன்னலை மூடினால் புழுக்கமும் கண்ணாடியில் வழியும் ஈரமும், திறந்தால் கொசு. ஜன்னலுக்கு அளவெடுத்த வலை வாங்கித்தான் ஆக வேண்டும், அதைச் சேர்க்காமல் போடும் கணக்கு கணக்கல்ல. ஏ.சி.க்காக இன்ஜினை ஓட விட்டுப் படுத்தால், முகாமில் மற்றவர்கள் திட்டும் அந்தப் பக்கத்து இடத்துக்காரர் நீங்கள்தான். திட்டோடு போனாலும் பரவாயில்லை. கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தால் எழுந்திருக்கவே மாட்டீர்கள். டென்டுக்குள்ளும் வண்டிக்குள்ளும் அடுப்பு, கரி எதுவும் எரியக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அமைதிக்கு இது கடைசி இடம். வண்டிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சுற்றிலும் இருப்பவை வண்டிகள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வண்டிப் பக்கத்து டென்ட் | நடந்துபோகும் டென்ட் | கேபின் | வண்டியில் படுக்கை |
|---|---|---|---|---|
| அமைதி | இடத்தைப் பொறுத்தது | மிக நன்று | ஜன்னல் மூடினால் நன்று | குறைவு |
| இரவு வெப்பம் | சீக்கிரம் ஆறும் | சீக்கிரம் ஆறும் | மெதுவாக ஆறும் | புழுக்கம் |
| கொசு, உண்ணி | நல்ல வலை போதும் | அதிகக் கவனம் தேவை | வலையின் நிலையைப் பொறுத்தது | தனி வலை வேண்டும் |
| இடிமழை | கார் அருகில் | கார் தூரத்தில் | கம்பி, குழாய் இருந்தால் பாதுகாப்பு | பாதுகாப்பு |
| தண்ணீர், கழிப்பறை | அருகில் | தூரம் | அருகில் அல்லது உள்ளே | அருகில் |
| மறைந்த செலவு | சாமான் | எடை குறைந்த சாமான் | கட்டணங்கள், குறைந்தபட்ச இரவுகள் | வலை, மெத்தை |

## யாருக்கு எது

இரண்டு பேர், நடக்கத் தயங்காதவர்கள், அமைதிதான் முதல் என்கிறவர்கள்: நடந்துபோகும் இடம், சந்தேகமே வேண்டாம். பத்து வயதுக்குக் கீழ் குழந்தைகளோடு முதல்முறை போகும் குடும்பம்: ஜெனரேட்டர் இல்லாத பகுதியில் வண்டிப் பக்கத்து டென்ட். சாமானை வாடகைக்கோ இரவலாகவோ வாங்குங்கள், பிடித்துப்போன பிறகு சொந்தமாக வாங்கலாம். பெரியவர்கள் கூட வந்தால் நிழலில் இருக்கும் கேபின். இரண்டு ஊருக்கு நடுவே ஒரே ஒரு இரவு என்றால் வண்டி. ஆளுக்கொரு தேவை உள்ள பெரிய குழுவுக்கு ஒரே வகையில் எல்லோரையும் அடைக்க வேண்டியதில்லை: பெரியவர்களுக்கு ஒரு கேபின், அதற்குக் கூப்பிடு தூரத்தில் மற்றவர்களுக்கு டென்ட் என்று எடுத்தால் சண்டை குறையும்.

எந்த வகையானாலும், வார இறுதியை விட்டு வாரநாளில் போனால் அமைதி ஒரு படி கூடும். விடுமுறை வாரத்தின் சனிக்கிழமையில் நல்ல இடத்தைவிட சாதாரண செவ்வாய்க்கிழமையில் சுமாரான இடம் எனக்குப் பிடிக்கும்.

கோடைக்கே உரிய இன்னொன்று தீத்தடை. காடு காய்ந்துவிட்டால் விறகுத் தீயைத் தடை செய்வார்கள், சில சமயம் முகாமையே மூடுவார்கள். சமையலுக்கு விறகை மட்டும் நம்பாமல் கேஸ் அடுப்பு கொண்டுபோங்கள். தடைக் காலத்தில் அதற்காவது அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடை இல்லாவிட்டாலும் விறகை வெளியூரிலிருந்து ஏற்றிப்போக வேண்டாம். 2002-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை நிற மரவண்டு, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது; அது புதிய புதிய காடுகளுக்குத் தாவியதில் முகாமுக்கு எடுத்துப்போன விறகுக்கும் பங்குண்டு.

பணம் கட்டும் முன் முகாமுக்கு போன் செய்து இவற்றைக் கேளுங்கள்: இந்த இடத்துக்கு அருகில் ஜெனரேட்டர் அனுமதி உண்டா? இரவு வாயிற்கதவைப் பூட்டுவீர்களா, நள்ளிரவிலும் வண்டி வருமா? காலையில் வெயில் எந்தப் பக்கமிருந்து விழும்? குடிநீர்க் குழாய் எத்தனை மீட்டர்? தீயினாலோ புயலினாலோ நீங்களே மூடினால் பணம் முழுதும் திரும்புமா? முதல் இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால் வேறு முகாம் பாருங்கள்.